நீச்சல், சைக்கிள், ஓட்டம்: நாலாவது எதிரி வெயில்!

முதலில் கடலில் நீந்த வேண்டும். கரையேறியதும் சைக்கிளில் ஏற வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓட வேண்டும். நடுவில் ஓய்வு கிடையாது. மூன்றையும் முதலில் முடிப்பவருக்கே வெற்றி!

இதற்கு "டிரையத்லான்" என்று பெயர். தமிழில் "முப்போட்டி" எனலாம்.

இது மிகப் பழைய விளையாட்டு அல்ல. 1974-ம் ஆண்டு செப்டம்பர் 25-ந் தேதி, அமெரிக்காவில் சாண்டியாகோ என்ற கடற்கரை ஊரில் சிலர் கூடி இதை விளையாட்டாகத் தொடங்கினார்கள். 4 ஆண்டுகள் கழித்து, 1978 பிப்ரவரியில், ஹவாய்த் தீவுகளில் ஒரு பெரும் போட்டி நடந்தது. 3.8 கிலோமீட்டர் நீச்சல். 180 கிலோமீட்டர் சைக்கிள். அதற்கும் மேலே 42 கிலோமீட்டர் ஓட்டம்! 15 பேர் கிளம்பினார்கள். 12 பேர் முடித்தார்கள். "இரும்பு மனிதன்" என்ற பெயர் அப்போது வந்ததுதான்.

2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் முப்போட்டி சேர்க்கப்பட்டது. அங்கே தூரம் குறைவு. ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதிலும் பாதி போதும். முக்கால் கிலோமீட்டர் நீந்தி, 20 கிலோமீட்டர் மிதித்து, 5 கிலோமீட்டர் ஓடினால் அதுவும் முப்போட்டிதான்.

இப்போது இந்த விளையாட்டு நம் வாசலுக்கே வந்துவிட்டது. 2018 பிப்ரவரியில் கொழும்பில் நடந்தது. 2019 அக்டோபரில் கோவாவில் நடந்தது. இரண்டும் வெயில் ஊர்கள். இரண்டும் கடற்கரை ஊர்கள்.

அப்படியானால் பெரியதாழையில் ஏன் நடக்கக் கூடாது?

பெரியதாழையின் சொத்து

தூத்துக்குடி மாவட்டத்தின் தென் கோடியில் உள்ள மீனவர் ஊர், பெரியதாழை. வடக்கே மணப்பாடு. தெற்கே உவரி. கிழக்கே கடல். மேற்கே போனால் செம்மணல் தேரியும் பனங்காடும். திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரி நோக்கிப் போகும் கடலோரச் சாலை இந்தப் பக்கமாகத்தான் போகிறது.

நீந்தக் கடல் இருக்கிறது. மிதிக்கச் சாலை இருக்கிறது. ஓட மணல் இருக்கிறது. தேரி மணலில் ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கால் புதையும், தொடை வலிக்கும். வேறு ஊர்க்காரர்கள் இத்தகைய மணலைத் தேடிப் போய்ப் பயிற்சி செய்கிறார்கள். இங்கே அது வீட்டுக்குப் பின்னால் கிடக்கிறது!

நீச்சலும் இந்தக் கடலுக்குப் புதிது அல்ல. 1954-ல் யாழ்ப்பாணத்துத் தமிழர் நவரத்தினசாமி பாக் ஜலசந்தியை நீந்திக் கடந்தார். 1966 ஏப்ரலில் மிகிர் சென், தலைமன்னாரில் இறங்கி 25 மணி நேரத்துக்கு மேல் நீந்தி தனுஷ்கோடி வந்தார். 1971-ல் ஆழிக்குமரன் ஆனந்தன் ஒரே மூச்சில் போய், திரும்பியும் வந்தார். 1994 ஏப்ரலில் நீந்திய குற்றாலீசுவரனுக்கு அப்போது வயது 12. 2022 மார்ச்சில் நீந்திய ஜியா ராய் என்ற பெண்ணுக்கு 13 வயதுதான்.

ஆகவே, தென்கடற்கரைப் பிள்ளைகள் முப்போட்டியில் இறங்கலாம். பெண்பிள்ளைகளும் இறங்கலாம். அதில் ஐயம் இல்லை.

ஆனால், கடல், சாலை, மணல் ஆகிய மூன்றோடு நாலாவது ஒன்றும் இங்கே காத்திருக்கிறது. அதுதான் வெயில்!

"வெயில் எங்களுக்குப் புதுசா?"

இப்படித்தான் இளைஞர்கள் கேட்பார்கள். "பிறந்ததிலிருந்து வெயிலில்தானே கிடக்கிறோம்? வெயில் எங்களை என்ன செய்யும்?" என்பார்கள்.

பாதி உண்மை. மறு பாதிதான் ஆபத்து.

நிழலில் உட்கார்ந்து வலை பின்னுகிறவருக்கு வெளியிலிருந்து வரும் சூடு மட்டுமே. ஓடுகிறவருக்கு உள்ளிருந்தும் சூடு வருகிறது. தசைகள் வேலை செய்யும்போது, செலவாகும் சக்தியில் 100-க்கு 20 அல்லது 25 பங்குதான் ஓட்டமாக மாறும். மீதி முழுவதும் சூடு! உடம்புக்குள்ளே ஓர் அடுப்பு எரிகிறது. வேகம் கூடக் கூட அடுப்பும் பெரிதாகிறது.

இந்தச் சூட்டை வெளியேற்ற உடம்புக்கு உள்ள பெரிய வழி, வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலின்மேல் முழுவதும் காய்ந்தால் எவ்வளவு சூடு போகும் தெரியுமா? 8 லிட்டர் கிணற்று நீரைக் கொதிக்க வைக்கும் அளவு!

"காய்ந்தால்" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். சொட்டுச் சொட்டாக மணலில் விழுந்தால் பயன் இல்லை. நீர்தான் நஷ்டம். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். துவைத்துப் போட்ட வேட்டி, ஈரக்காற்று நாளில் காயாமல் கிடப்பதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? வியர்வையும் அப்படித்தான். அதனால்தான் உள்நாட்டில் 100 டிகிரி வெயிலைத் தாங்குகிறவர், கடற்கரையில் 92 டிகிரியில் தவித்துப் போகிறார்.

சைக்கிளில் போகும்போது எதிர்க்காற்று வீசும். வியர்வை காயும். "நன்றாகத்தானே இருக்கிறேன்!" என்று தோன்றும். இறங்கி ஓடத் தொடங்கியதும் அந்தக் காற்று நின்றுவிடும். அடுப்போ நிற்காது. முப்போட்டியில் பெரும்பாலோர் சுருண்டு விழுவது கடலில் அல்ல, சைக்கிளிலும் அல்ல. கடைசி ஓட்டத்தில்தான்.

தம்பியைத் தாங்கிய அண்ணன்

2016 செப்டம்பர் 18-ந் தேதி, மெக்சிகோ நாட்டில் கோசுமெல் என்ற தீவில் இதை உலகமே பார்த்தது.

பிரௌன்லீ சகோதரர்கள் இங்கிலாந்துக்காரர்கள். அண்ணன் அலிஸ்டர். தம்பி ஜானி. அதற்கு முந்தைய மாதம்தான் ரியோ ஒலிம்பிக்கில் அண்ணன் தங்கமும் தம்பி வெள்ளியும் வாங்கியிருந்தார்கள். இவர்களைவிடப் பயிற்சி பெற்றவர்கள் உலகில் எத்தனை பேர் இருக்க முடியும்?

கோசுமெல்லில் புழுக்கம். கொளுத்தும் வெயில். தம்பி ஜானி முன்னணியில் ஓடி வந்தார். முடிவுக்கோடு நெருங்கிவிட்டது. இன்னும் சில நூறு மீட்டர்தான்!

திடீரென்று கால்கள் பின்னின. குடித்தவர்போல் தள்ளாடினார். சாலையோரமாகச் சாய்ந்தார். எங்கே போகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

பின்னால் வந்த அண்ணன் பார்த்தார். தாண்டிப் போயிருந்தால் அவரே வென்றிருக்கலாம். போகவில்லை! தம்பியின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். இழுத்துக்கொண்டே ஓடினார். தென்னாப்பிரிக்க வீரர் ஷோமன் இருவரையும் தாண்டி முதலில் வந்தார். அண்ணன், தம்பியைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, தான் மூன்றாவதாக வந்தார். தம்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார். பிழைத்தார்.

பாசக் கதை என்று எல்லாரும் போற்றினார்கள். போற்றத் தகுந்ததுதான். ஆனால் அதில் ஒரு மருத்துவ உண்மையும் இருக்கிறது. ஒலிம்பிக் வெள்ளி வீரரையே வெயில் கீழே தள்ளியது. பயிற்சி குறைவினால் அல்ல. சூடு எல்லை மீறியதால்!

மறு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2021 ஜூலை 26-ந் தேதி டோக்கியோ ஒலிம்பிக் முப்போட்டி. வெயிலுக்குப் பயந்து காலை 6.30 மணிக்கே தொடங்கினார்கள். தங்கம் வாங்கியவர் யார்? பனிக்கும் மழைக்கும் பெயர்போன நார்வே நாட்டின் பிளம்மன்பெல்ட்!

குளிர்நாட்டுக்காரர் புழுக்கத்தில் வென்றார். எப்படி? வெயில் தாங்கும் சக்தி பிறப்போடு மட்டும் வருவது அல்ல. பழகினால் வரும். பழக்கம் விட்டால் போய்விடும். பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் மின்விசிறிக்கு அடியில் வளர்ந்த பிள்ளை, "நான் கடற்கரைக்காரன்" என்று சொல்லிக்கொண்டு நண்பகலில் ஓடினால், வெயில் அதைக் கேட்டுக்கொண்டு விலகிப் போகாது.

14 நாள் பாடம்

உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும் என்று மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். அந்த நாட்களில் உடம்புக்குள் பெரிய மாறுதல்கள் நடக்கின்றன. இரத்தத்தில் நீர் கூடுகிறது. வியர்வை முன்கூட்டியே வரத் தொடங்குகிறது. அதிகமாகவும் வருகிறது. வியர்வையில் கலந்து போகும் உப்பு குறைகிறது. அதே வேகத்தில் ஓடினாலும் இதயம் முன்னைவிட மெதுவாகத் துடிக்கிறது.

இத்தனையும் இலவசமாகக் கிடைக்கிறது. விலை, பொறுமை மட்டுமே.

முதல் நாள் 20 நிமிடம் மெதுவாக ஓடினால் போதும். நண்பகலில் அல்ல. காலை வெயில் ஏறும் நேரத்தில். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். இரண்டாவது வாரக் கடைசியில் ஒரு மணி நேரம், ஒன்றேகால் மணி நேரம் வரை போகலாம். மற்றக் கடும் பயிற்சிகளை விடியற்காலையில் முடித்துவிட வேண்டும். பழகிய பிறகு ஒரு மாதம் சும்மா இருந்தால் பெரும்பகுதி கரைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்!

காய்ச்சல் கண்டவர் ஓடக்கூடாது. இரவில் தூங்காதவர் ஓடக்கூடாது. வயிற்றுப்போக்கு இருந்தவர் ஓடவே கூடாது. முந்தின இரவு குடித்தவரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. பிள்ளை "ஒன்றும் இல்லை, போய்வருகிறேன்" என்று சொன்னாலும், நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற தாய்க்குத் தெரியும். தாய் தடுத்தால் அன்றைக்கு நின்றுவிடுவது நல்லது.

எவ்வளவு குடிப்பது?

இதில்தான் தவறு அதிகம். இரண்டு பக்கமும் தவறு.

சிலர் தண்ணீரே குடிக்காமல் ஓடுகிறார்கள். வயிறு கனக்குமாம்! சிலர் தாகம் இல்லாதபோதும் குடம் குடமாகக் குடிக்கிறார்கள். அதுவும் ஆபத்து. அளவு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உள்ள உப்பு நீர்த்துப்போகும். மூளை வீங்கும். உயிரே போகலாம். 2002-ல் அமெரிக்காவின் பாஸ்டன் மராத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். 100-க்கு 13 பேருக்கு உப்பு குறைந்திருந்தது!

தமக்கு எவ்வளவு வேண்டும் என்று அவரவரே கண்டுபிடிக்கலாம். ஓடுவதற்கு முன் எடை பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் ஓடிவிட்டு, உடம்பைத் துடைத்துக்கொண்டு மறுபடி எடை பார்க்க வேண்டும். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது என்று பொருள். நடுவில் குடித்த நீரையும் அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். சிலருக்கு அரை லிட்டர் போகும். சிலருக்கு ஒன்றரை லிட்டர், 2 லிட்டர்கூடப் போகும். அண்ணனுக்கு ஒரு கணக்கு, தம்பிக்கு ஒரு கணக்கு. போனதற்கு மேல் ஒருபோதும் குடிக்கக் கூடாது. ஓடிய பிறகு எடை கூடியிருந்தால், அது தவறு நடந்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

வியர்வையோடு உப்பும் போகிறது. அதற்கு விலை உயர்ந்த புட்டி நீர்தான் வேண்டும் என்பது இல்லை. உப்புப் போட்ட மோர் நல்லது. உப்புப் போட்ட கஞ்சி நல்லது. உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டி, சர்க்கரைச் சத்துக்கு உதவும். இளநீர் உயர்ந்ததுதான், ஆனால் வியர்வையில் போகும் உப்பு அதில் குறைவு. ஆகையால் நீண்ட ஓட்டத்துக்கு இளநீரை மட்டும் நம்பக்கூடாது. எதைக் குடித்தாலும் பயிற்சி நாளிலேயே குடித்துப் பழக வேண்டும். போட்டியன்று புதியதைக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர்!

கடலிலும் வியர்க்கும்

"கடலில் இருப்பவனுக்கு வியர்க்குமா?" என்று கேட்கலாம். வியர்க்கும்! ஆனால் அந்த வியர்வை காய இடம் இல்லை.

குளிர்ந்த நீர் உடம்பின் சூட்டை வாங்கிக்கொள்ளும். வெதுவெதுப்பான நீர் வாங்காது. ஏப்ரல், மே மாதங்களில் மன்னார் வளைகுடாவின் மேல்நீர் 86 டிகிரியைத் தாண்டுவது உண்டு. செல்சியஸ் கணக்கில் 30. அதில் வேகமாக நீந்துகிறவரின் சூடு உள்ளேயே தங்கிவிடுகிறது.

2010 அக்டோபர் 23-ந் தேதி, ஐக்கிய அரபு அமீரகத்தின் புஜைராவில் 10 கிலோமீட்டர் கடல் நீச்சல் போட்டி. அமெரிக்க வீரர் பிரான் கிரிப்பென் அதில் நீந்தினார். வயது 26. கடல்நீர் வெந்நீர்போல் இருந்தது. முடிவுக்குச் சற்றுத் தொலைவே இருந்தபோது அவர் காணாமற்போனார். அவர் மூழ்கியதை யாரும் பார்க்கவில்லை! பிறகு உடல்தான் கிடைத்தது. அதன்பின் உலக நீச்சல் சங்கம் விதி செய்தது. கடல்நீர் 31 செல்சியசுக்கு மேல் இருந்தால் போட்டி கூடாது. 31 என்பது ஏறத்தாழ 88 டிகிரி.

பெரியதாழைக் கடலுக்கும் அந்த எல்லைக்கும் சித்திரையில் அதிக தூரம் இல்லை!

யாரும் பார்க்கவில்லை என்பதுதான் அந்தச் சாவில் மனத்தைச் சுடும் செய்தி. இந்தக் கடற்கரையின் முத்துக்குளிப்பவர்கள் அதை முன்பே அறிந்திருந்தார்கள். தூத்துக்குடிப் பகுதியில் முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை நடந்தது. அதோடு நின்றது. அது நடந்த காலத்தில் எவரும் தனியே மூழ்கியதில்லை. ஒருவர் கல்லைப் பிடித்துக்கொண்டு கீழே போவார். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி கண் கொட்டாமல் இருப்பார். ஒருவர் மூழ்கும்போது மற்றவர் ஓய்வு எடுப்பார். பிறகு மாறிக்கொள்வார்கள்.

அவர்கள் வேலை செய்த நேரத்தையும் பாருங்கள். காற்று அமைதியான பங்குனி, சித்திரைக் காலம்தான் குளிப்புக் காலம். வெயில் மாதம்தான்! ஆனால் நள்ளிரவுக்குப் பின், கரையிலிருந்து வீசும் காற்றில் பாய் விரித்துப் புறப்படுவார்கள். விடியும்போது முத்துப்பார் வந்துவிடும். நண்பகலோடு குளிப்பு நின்றுவிடும். கடற்காற்று எழும்போது கரை திரும்புவார்கள். ஒலிம்பிக் அதிகாரிகள் டோக்கியோவில் 6.30 மணிக்குப் போட்டி தொடங்கினார்கள் என்று உலகம் வியந்தது. இங்கே நம் முன்னோர் அதைவிட முன்னே கிளம்பினார்கள்!

வானம் தெளிவு, கடல் கள்ளம்

இன்னொரு ஆபத்தும் உண்டு. அதற்குக் "கள்ளக்கடல்" என்று பெயர். தொலைதூரத் தென்கடலில் புயல் அடிக்கும். அங்கே கிளம்பிய பேரலை பல நாள் பயணம் செய்து இங்கே வந்து மோதும். வானம் தெளிவாக இருக்கும். காற்றும் இருக்காது. திருடன்போல் வருவதால் மலையாளக் கரை மீனவர்கள் இந்தப் பெயரை வைத்தார்கள்.

2024 மே 6-ந் தேதி, குமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் 5 இளம் மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் வரும் என்று ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் முன்னே எச்சரித்திருந்தது. படித்த பிள்ளைகள். பிறர் உயிரைக் காக்கப் போகிறவர்கள். அந்தப் பெற்றோரின் துயரத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

ஆகவே, நீச்சல் பயிற்சிக்கு இறங்கும் முன் அன்றைய கடல் எச்சரிக்கையைக் கேட்க வேண்டும். மீனவப் பெரியவர் ஒருவரையும் கேட்க வேண்டும். அவர் "இன்றைக்கு வேண்டாம்" என்றால் வேண்டாம். கரையை விட்டு வெளியே போகாமல், கரைக்கு இணையாக நீந்த வேண்டும். தலையில் பளிச்சென்ற நிறத்தில் தொப்பி இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு படகு வேண்டும். நீச்சல் தெரிந்த மீனவப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். படகிலிருந்து குதித்து நீந்துவது வேறு. முக்கால் கிலோமீட்டர் மூச்சு வாங்க நீந்துவது வேறு.

ஆனி, ஆடி மாதங்களில் இந்தக் கரையில் காற்று பலமாக வீசும். சைக்கிளையே சாய்த்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. சித்திரை, வைகாசியில் வெயில். போட்டிக்குத் தகுந்தது தை, மாசி மாதங்களே. கொழும்புக்காரர்கள் பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்தது காரணத்தோடுதான்.

வேடிக்கை பார்க்க வருகிறவர்களையும் மறக்கக் கூடாது. 2024 அக்டோபர் 6-ந் தேதி சென்னை மெரினாவில் விமானப்படையின் வானக் காட்சி. பார்க்க வந்த 5 பேர் இறந்தார்கள். அவர்கள் ஓடவில்லை. நீந்தவில்லை. வெயிலிலும் நெரிசலிலும் நின்றார்கள். அவ்வளவுதான்! மாதமும் சித்திரை அல்ல, அக்டோபர். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் பந்தலும் குடிநீரும் இல்லாமல் கடற்கரையில் ஒரு கூட்டத்தைக் கூட்டுவது தவறு.

மீனைக் காக்கும் ஐஸ்

எல்லாம் சரியாகச் செய்தும் ஒருவர் விழலாம். அப்போது என்ன செய்வது?

அடையாளம் தெரிய வேண்டும். தள்ளாட்டம். குழறும் பேச்சு. காரணம் இல்லாத கோபம். பெயரைக் கேட்டால் விழிப்பது. இவை வந்தால் மூளைக்குச் சூடு ஏறிவிட்டது. உடம்பின் உள்சூடு 104 டிகிரியைத் தாண்டியிருக்கும். "வியர்க்கிறதே, வெயில் தாக்கு அல்ல" என்று சிலர் எண்ணுவார்கள். தவறு! ஓடி விழுந்தவருக்கு வியர்த்துக்கொண்டே இருக்கலாம்.

நம் ஊரில் உடனே என்ன செய்கிறோம்? கூட்டம் கூடுகிறோம். வாயில் தண்ணீர் ஊற்றுகிறோம். வண்டியைத் தேடி ஓடுகிறோம். நேரம் போகிறது. மூளை வெந்துகொண்டே இருக்கிறது. நினைவு தப்பியவர் வாயில் நீர் ஊற்றினால் அது மூச்சுக்குழலுக்குள் போகும்.

மருத்துவர்கள் சொல்லும் முறை வேறு. முதலில் குளிரச் செய்ய வேண்டும். ஆஸ்பத்திரிப் பயணம் அதற்குப் பிறகு! 108-க்கு ஒருவர் பேசட்டும். மற்றவர்கள் அவரைக் கழுத்து வரை ஐஸ் போட்ட நீரில் படுக்க வைக்க வேண்டும். தலையை ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். நீரைக் கையால் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலும் 10 அல்லது 15 நிமிடத்தில் சூடு இறங்கிவிடும். விழுந்து அரை மணி நேரத்துக்குள் இது நடந்துவிட வேண்டும்.

தொட்டி இல்லையா? தார்ப்பாய் போதும். அதில் ஆளைப் படுக்க வைத்து, நாலு மூலையையும் நாலைந்து பேர் தூக்கிப் பிடித்து, உள்ளே நீரும் ஐஸும் கொட்டினால் அதுவே தொட்டி.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. அமெரிக்காவில் பால்மத் என்ற கடலோர ஊரில் ஒவ்வொரு ஆகஸ்டு மாதமும் ஓட்டப் போட்டி நடக்கிறது. புழுக்கமான காலம். 18 ஆண்டுகளின் கணக்கைப் பார்த்தார்கள். 274 பேர் வெயில் தாக்கி விழுந்திருந்தார்கள். அனைவரையும் ஐஸ் நீரில் போட்டார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை!

தென்கடற்கரையில் எந்த ஊரில் முப்போட்டி நடத்தினாலும், நடத்துகிறவர்கள் பரிசுக் கோப்பைக்கும் மேடைக்கும் செலவு செய்யுமுன் இதற்குச் செலவு செய்ய வேண்டும். பெரிய செலவும் இல்லை. மீனவர் ஊரில் ஐசுக்கா பஞ்சம்? மீன் கெடாமல் இருக்கப் பெட்டி பெட்டியாக ஐஸ் இறங்குகிறது. தார்ப்பாய் வீட்டுக்கு வீடு இருக்கிறது. கடலைப் பார்க்கப் படகுக்காரர்கள் இருக்கிறார்கள். வேண்டியவர் ஒரு மருத்துவரும், முன்கூட்டியே பழக்கப்பட்ட பத்து இளைஞர்களும்தான். போட்டி நாளில் அந்த ஐஸ் பெட்டிகளில் நாலு, ஓட்டம் முடியும் இடத்துக்கு விடியுமுன் வந்து சேர வேண்டும். வெயில் ஏறிய பிறகு அல்ல.